‘இதுல என்னங்க புதுசு?’

நம்பிக்கை: ‘ஒரு பிளாஸ்டிக் பையைக் குத்துறதுக்கெல்லாம் காப்புரிமையா?’

காசிமேட்டில் மீன் வாங்கி ஏற்றுமதி செய்பவர்களுக்கு அந்தப் பை தெரிந்திருக்கும். சோதனைக்கூடத்தில் ஒரு துண்டு இறாலைக் கரைசலோடு, கிருமி நீக்கிய பிளாஸ்டிக் பையில் போட்டு ‘ஸ்டொமக்கர்’ இயந்திரத்தில் வைப்பார்கள். இரண்டு துடுப்புகள் வெளியே இருந்தபடியே பையை மாற்றி மாற்றிக் குத்தும். சதையிலிருக்கும் பாக்டீரியா கரைசலில் இறங்கிவிடும். எண்ணுவதற்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு பையைக் கழித்துவிடலாம்.

ஷார்ப், ஜாக்சன் என்ற இருவர் இந்த முறையை 1972-ல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே பை இருந்தது, துடுப்பும் இருந்தது. ஆனாலும் பிளெண்டரில் அரைத்து, ஒவ்வொரு மாதிரிக்கும் ஜாரைக் கழுவி, கிருமி நீக்கிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு வெளிப்படையான யோசனை என்றால் ஏன் அந்தப் பாடு?

உண்மை: பார்த்த பிறகு யாருக்கும் தோன்றும், சட்டம் கேட்பது அதையல்ல. காப்புரிமைச் சட்டம் 2(1)(ja) பிரிவின்படி, விண்ணப்பித்த நாளில் இருந்த அறிவை வைத்து, அந்தத் தொழில் தெரிந்த ஒருவருக்கு அது வெளிப்படையாகத் தெரிந்திருக்குமா என்பதுதான் கேள்வி. ஆடையில் விலைச்சீட்டு மாட்டும் பிளாஸ்டிக் இணைப்பிக்குக் காப்புரிமை மறுக்கப்பட்டபோது, ஏவரி டென்னிசன் நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 2022 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரதிபா எம். சிங் அந்த மறுப்பை ரத்து செய்தார். எளிமை ஒரு குறையல்ல. முந்தைய நுட்பத்தைச் சொல்லும் ஆவணம் வெளிவந்து நெடுநாள் யாருக்கும் தோன்றாத சிறு மாற்றம் எதிர்பாராத பயன் தந்தால், அந்த இடைவெளியே சாட்சி. என் பார்வையில், இந்த விவகாரத்தில் இதைவிட நேர்மையான அளவுகோல் இல்லை.

நம்பிக்கை: ‘நம்ம பட்டறையில மாத்தினது நல்லா ஓடுது, உரிமை கிடைச்சிடும்.’

உண்மை: திருவொற்றியூர் லேத் பட்டறைக்காரர்கள் மிர்சாபூர் வழக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. கடையும்போது பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ளும் ஒரு சாதனத்துக்குக் காப்புரிமை கிடைத்தது. 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அது வெறும் பட்டறைத் திருத்தம் என்று சொல்லி உரிமையைச் செல்லாததாக்கியது. பயன் இருந்தால் மட்டும் போதாது. சான்றிதழ் கையில் இருப்பதும் முடிவல்ல.

நம்பிக்கை: ‘அதிகாரி “தெரிந்த விஷயம்”னு எழுதிட்டா முடிஞ்சது.’

உண்மை: அப்படி ஒற்றை வரியில் முடிக்க முடியாது. பழைய அறிவு எது, புதியது எது, தொழில் தெரிந்தவர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எப்படி வந்திருப்பார் என்று காரணம் சொல்ல வேண்டும் என்று அக்ரிபோர்டு வழக்கில் 2022 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. முன்பு இத்தகைய முறையீடுகளைக் கேட்ட அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2021-ல் கலைக்கப்பட்டுவிட்டது. கிண்டி காப்புரிமை அலுவலகத்தின் ஆணையை எதிர்த்து இப்போது பாரிமுனையிலேயே, சென்னை உயர் நீதிமன்றத்தில் முறையிடலாம். கெடு மூன்று மாதம்.