மழை இறங்குமுன் எர்த்தைப் பாருங்கள்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். விருத்தாசலத்தில் கார்த்திகை அகல் விளக்கு வேலை நெருக்கும் நாட்களும் அவையே. குடியிருந்த பழைய ஓட்டு வீட்டைப் பொம்மைக்கு வண்ணம் பூசும் கூடமாகவோ, பேக்கிங் அறையாகவோ, கடையாகவோ மாற்றி வைத்திருப்பவர்களுக்கு இந்த அறிவிப்பு. முதல் மழைக்கு முன்னால், இந்த வாரத்திலேயே, ஒரு நாளை ஒதுக்கி மின் இணைப்பைச் சோதித்துவிடுங்கள்.

பீங்கான் பியூஸ் கேரியர் நம் ஊர்ப் பட்டறைகளில் பல காலமாகச் செய்துவரும் பொருள். அதனாலோ என்னவோ, பியூஸ் இருந்தால் போதும் என்ற நம்பிக்கை இங்கே ஆழமாக இருக்கிறது. பியூஸ் காப்பாற்றுவது ஒயரை, ஆளை அல்ல. உடம்பில் 30 மில்லி ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து பாய்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். 16 ஆம்பியர் பியூஸ் உருக அதைப்போல 500 மடங்குக்கு மேல் வேண்டும்.

எர்த் இருக்கிறதே என்பீர்கள். எர்த் குழியின் தடை 20 ஓம் என்று வையுங்கள். மோட்டார் உடலில் 230 வோல்ட் கசிந்தால் மண்ணுக்குப் போவது 11.5 ஆம்பியர்தான். பியூஸ் அசையாது. மோட்டாரும் ஓடிக்கொண்டே இருக்கும், அதன் இரும்பு உடலில் கரண்டும் இருந்துகொண்டே இருக்கும். களிமண் பிசைந்த ஈரக் கையும் நனைந்த சிமென்ட் தரையும் உள்ள இடத்தில் அதைத் தொடுவது யார் என்பது மட்டுமே மிச்சக் கேள்வி.

இதற்காகத்தான் ஆர்.சி.சி.பி. ஃபேஸில் போன கரண்ட் முழுதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று அது ஓயாமல் பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே 0.3 விநாடிக்குள் துண்டிக்கும். வாங்கும்போது ஐ.எஸ். 12640 என்ற எண்ணுடன் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வேகம் கூட்டிக் குறைக்கும் மோட்டாரோ இன்வெர்ட்டர் ஏ.சி.யோ இருந்தால் ‘ஏ’ வகை என்று கேட்டு வாங்குங்கள். அதிக லோடையும் ஷார்ட்டையும் இது தடுக்காது, எம்.சி.பி. தனியாக வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிகளிலும் மின்கசிவுப் பாதுகாப்புக் கருவிக்கு இடம் உண்டு.

பழைய கட்டடத்தில் கருவியை மாட்டிவிட்டு வந்துவிட முடியாது. சிக்கல் சுவருக்குள் இருக்கிறது. மரப்பட்டி மேல் ஓடும் இரட்டை ஒயர்களில் எர்த் ஒயரே கிடையாது. பல வீடுகளில் அந்தக் காலத்து எலக்ட்ரீசியன் இரும்புத் தண்ணீர்க் குழாயில் எர்த்தைக் கட்டியிருப்பார். பிற்பாடு குழாய்க்காரர் வந்து பிளாஸ்டிக் குழாய் போட்டுவிட்டுப் போயிருப்பார். அன்றோடு எர்த் போய்விட்டது. மூன்று துளை பிளக் பாயின்ட் மட்டும் அப்படியே சுவரில் இருக்கிறது. இன்னும் மோசம், எர்த் துளையை நியூட்ரலோடு இணைத்து வைப்பது. நியூட்ரல் அறுந்தால் மிஷின் உடல் முழுக்கக் கரண்ட் ஏறிவிடும். இப்படி எங்கே கண்டாலும் அந்தப் பாயின்ட்டை உடனே கழற்றச் சொல்லுங்கள்.

அடுத்தது நியூட்ரல் கடன். வீட்டைப் பிரித்துக் கடையாக்கும்போது ஒரு சர்க்யூட்டின் ஃபேஸை எடுத்து, பக்கத்துச் சர்க்யூட்டின் நியூட்ரலில் முடித்துவிடுவார்கள். அந்தச் சர்க்யூட்டுக்குத் தனி ஆர்.சி.சி.பி. மாட்டியதும் லைட்டைப் போட்டாலே ட்ரிப் ஆகும். ‘மிஷின் சரியில்லை’ என்று அதை பைபாஸ் செய்துவிடுவதுதான் நான் அதிகம் அஞ்சும் காரியம். கருவி உண்மையைத்தான் சொல்கிறது. உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனை வைத்து நியூட்ரல்களைப் பிரியுங்கள். இன்சுலேஷன் தடையை அளக்கும் 500 வோல்ட் மெக்கரில் ஒவ்வொரு சர்க்யூட்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த ஒயரை மாற்றத்தான் வேண்டும்.

வண்ணம் சுடும் சிறிய மின் சூளை வைத்திருப்பவர்கள் கவனிக்க. நாலு நாள் மழையில் சும்மா கிடந்த சூளையின் செங்கல் ஈரத்தை இழுத்திருக்கும். சுவிட்ச் போட்டதும் கசிவு காட்டும். அதற்காக ஆர்.சி.சி.பி.யை விலக்கிவிட்டுச் சூடேற்றாதீர்கள். சூளைக்குத் தனி சர்க்யூட்டும் தனி ஆர்.சி.சி.பி.யும் வையுங்கள், அது ட்ரிப் ஆனாலும் மற்ற அறைகள் இருளாது. கதவைத் திறந்து காற்றோட்டத்தில் உலரவிட்டு, மெக்கரில் பார்த்த பிறகே ஏற்றுங்கள்.

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் நாம் வாழ்வது இன்வெர்ட்டரிலும் ஜெனரேட்டரிலும். மெயினில் இருக்கும் ஆர்.சி.சி.பி. அந்த நேரத்தில் இன்வெர்ட்டர் லைனைக் கவனிக்காது. இன்வெர்ட்டர் வெளியீட்டுக்குப் பிறகு இன்னொன்று வேண்டும். இதைக் கேட்டுச் செய்பவர்கள் மிகக் குறைவு.

எர்த் குழியின் தடையை இப்போதே, மண் காய்ந்திருக்கும்போதே அளக்கச் சொல்லுங்கள். மழையில் நனைந்த மண் நல்ல எண்ணைத்தான் காட்டும். சித்திரை வெயிலில் அதே குழி கைவிட்டுவிடும். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். ட்ரிப் ஆனால் கருவி வேலை செய்கிறது என்று மட்டுமே பொருள். எர்த் அறுந்திருந்தாலும் அந்தப் பட்டன் வேலை செய்யும் என்பதால், இரண்டையும் தனித்தனியே சோதித்தாக வேண்டும்.

மழையில் திரும்பத் திரும்ப ட்ரிப் ஆனால் எல்லா பிளக்கையும் உருவிவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்; எதில் விழுகிறதோ அதை ஒதுக்குங்கள். எதையும் போடாமலே விழுந்தால் ஒயரிங்கில் ஈரம் இறங்கியிருக்கிறது, மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். தெருவில் ஒயர் அறுந்து கிடந்தால் கிட்டப் போகாமல் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தை 94987 94987-இல் அழையுங்கள். உள்ளே யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொட்டு இழுக்காமல் முதலில் மெயினை அணையுங்கள், பிறகு 108. மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதைப் பட்டறையில் வேலை செய்யும் எல்லோருக்கும் இன்றைக்கே காட்டி வையுங்கள். அதன் முன்னால் அகல் பெட்டிகளை அடுக்க வேண்டாம்.