பங்களா கணப்படுப்பை அளந்து வரைவது எப்படி?

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி கோலார் தங்கவயலுக்கு வந்தது. துரைமார் கட்டிக்கொண்ட பங்களாக்களில் ஓட்டுக்கூரையும் புகைபோக்கியும் இருக்கும், கூடத்தில் கணப்படுப்பும் இருக்கும். மார்கழிக் குளிருக்கு அது தேவைதான். ஆனால் பாதிக்குமேல் ஊர் ஞாபகம். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடிய பிறகு பல பங்களாக்கள் கவனிப்பாரற்றுப் போயின. தங்கவயலின் மைசூர் மைன்ஸ் பக்கம் இப்படி ஒன்றைப் பார்த்தால், இடிவதற்குள் வரைந்துவிடுங்கள்.

பொறுப்பில் இருப்பவரிடம் அனுமதி வாங்குங்கள். கூரை உறுதியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே உள்ளே போங்கள்.

டேப் அடி-அங்குலத்தில் இருக்கட்டும். கட்டியவர்கள் அந்தக் கணக்கில்தான் கட்டினார்கள். நான்கரை அடி அகலத்தை 1372 மில்லிமீட்டர் என்று குறித்தால் அதன் விகிதம் கண்ணில் படாது.

முதலில் டியூப் லெவல் பிடித்துச் சுவரில் ஒரு சமமட்டக் கோடு போடுங்கள். பழைய தரையை நம்பக் கூடாது. உயரங்கள் எல்லாவற்றையும் அந்தக் கோட்டிலிருந்தே அளக்க வேண்டும். துண்டு துண்டாக அளந்து கூட்டினால் பிழையும் சேர்ந்து கூடும்.

அடுத்து முகப்பு. இரு பக்கமும் சுவரோடு ஒட்டிய அரைத்தூண், அவற்றின் மேல் குறுக்குப் பட்டை, அதற்கும் மேல் மேன்டல் பலகை: கிரேக்க, ரோமானியக் கோயில் வாசலைச் சுருக்கிய வடிவம் இது. 18-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஆடம் போன்ற கட்டிடக் கலைஞர்கள் இதைப் பரப்பினார்கள். இரு பக்கமும் ஒன்றுபோல்தான் இருக்கும் என்று எண்ணி ஒரு பாதியை மட்டும் அளந்து மறுபாதியைப் பிரதி எடுக்காதீர்கள். தச்சர் கை அப்படி வேலை செய்வதில்லை.

விளிம்பு வளைவுகளுக்கு ஈயக் கம்பியை அழுத்தி, தாளில் வைத்து அசல் அளவிலேயே கோடு இழுங்கள். பெயின்ட் தடிப்பாக இருந்தால் அதையும் குறியுங்கள்.

பலர் விட்டுவிடுவது குறுக்குவெட்டு. எனக்கு அதுதான் முக்கியம். அழகு முகப்பில் இருக்கலாம். அடுப்பு எரிவது உள்ளேதான். டார்ச் அடித்து ஆழம், பின்சுவரின் அகலம், பக்கச்சுவரின் சாய்வு, புகை நுழையும் இடுக்கு எல்லாவற்றையும் அளந்துகொள்ளுங்கள். கணப்படுப்பைச் சீர்திருத்திய ரம்ஃபோர்டு 1796-இல் சொன்ன கணக்கோடு ஒப்பிடலாம்: பின்சுவரின் அகலம் முன்வாயின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு, பக்கச்சுவர் பின்சுவரோடு சேரும் கோணம் 135 பாகை, இடுக்கு 4 அங்குலம். இந்தக் கணக்கு ஒத்துவராவிட்டால் அழகுக்காக வைத்த அடுப்பாக இருக்கலாம். கரி படிந்திருக்கிறதா பாருங்கள்.

தளப்படம், முகப்பு, குறுக்குவெட்டு மூன்றையும் 1:12 அளவில் ஒரே தாளில் வரையுங்கள். மூலையில் பங்களாவின் எண், அளந்த தேதி, அளவுகோல் மூன்றையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு அது எந்த வீட்டு அடுப்பு என்று யாருக்கும் தெரியாது.