எஃகை வெட்டும் லேசர் கண்ணைச் சுடாதா?



ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் போயிருக்கிறீர்களா? அங்குள்ள பட்டறைகள் பலவற்றில் இன்று இரும்புத் தகட்டை வெட்டுவது ரம்பம் அன்று, லேசர் ஒளி. கதிர் தகட்டின்மேல் விழுகிறது. பொறி பறக்கிறது. சில நொடிகளில் வட்டமான துண்டு ஒன்று கழன்று விழுகிறது. அதை உடனே தொட்டால் கை சுட்டுவிடும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், என் 43ஆம் வயதில், இரு கண்களுக்கும் லேசர் சிகிச்சை செய்துகொண்டேன். கறுப்புக் கண்ணாடியோடு மீண்டும் கல்லூரிக்கு வந்த முதல் நாள், முதல் வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். அவள் தந்தை அத்தகைய பட்டறை ஒன்றில் வேலை செய்பவர். "சார், எங்கப்பா பட்டறையில லேசர் இரும்பையே வெட்டுது. உங்க கண்ணை மட்டும் எப்படி சார் சுடாம விட்டுச்சு?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. ஆனால் அது சிரித்துத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அன்று. சிகிச்சை மேசையில் படுத்திருந்தபோது எனக்கே அந்த ஐயம் வந்தது. அதற்கு விடை காண்போம், வாருங்கள்.

கண்ணில் எங்கே கோளாறு?

நம் கண்ணின் மொத்தத் திறன் ஏறத்தாழ 60 டயாப்டர். ஒளியை வளைக்கும் வேலையைக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸே முழுவதும் செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. கண்ணின் முன்புறத்தில் கடிகாரக் கண்ணாடிபோல் வளைந்திருக்கும் தெளிவான படலமே கார்னியா. ஏறத்தாழ 43 டயாப்டர் அதனுடைய பங்கு. மிச்சம்தான் உள்ளே இருக்கும் லென்ஸினுடையது.

கிட்டப்பார்வை உள்ளவருக்குப் பெரும்பாலும் விழிக்கோளம் சற்று நீண்டிருக்கும். தொலைவிலிருந்து வரும் ஒளி விழித்திரையை எட்டும் முன்பே குவிந்துவிடும். குழி லென்ஸ் அணிந்தால் அந்தக் குவியம் பின்னுக்குத் தள்ளப்பட்டு விழித்திரையில் விழும்.

உங்களுக்குக் கிட்டப்பார்வை இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். புத்தகத்தை முகத்தருகே பிடித்து, மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டே போங்கள். எழுத்து மங்கத் தொடங்கும் இடத்தை அளவுகோலால் அளந்து மீட்டரில் எழுதுங்கள். 1ஐ அந்த எண்ணால் வகுத்தால் உங்கள் கண்ணாடியின் திறன் ஏறத்தாழக் கிடைத்துவிடும். எனக்கு 20 செ.மீ. வந்தது. 1 ÷ 0.20 = 5. என் கண்ணாடியும் மைனஸ் 5 டயாப்டர்தான்.

ஒரு தலைமயிர் அளவுகூட இல்லை

என் கண்ணில் 5 டயாப்டர் கூடுதலாக இருக்கிறது. அதைக் குறைக்கக் கார்னியாவைச் சற்றுத் தட்டையாக்கினால் போதும். கார்னியாவின் வளைவு ஆரம் ஏறத்தாழ 7.8 மி.மீ. அது இன்னும் ஏறத்தாழ ஒரு மி.மீ. கூடினால் கணக்கு நேராகிவிடும்.

எவ்வளவு செதுக்க வேண்டும்? 6 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில், ஒரு டயாப்டருக்கு நடுவில் 12 மைக்ரான் ஆழம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எனக்கு 5 × 12 = 60 மைக்ரான். ஒரு தலைமயிரின் தடிமனே ஏறத்தாழ 70 மைக்ரான் இருக்கும்! இவ்வளவு மெல்லிய சீவலை, விளிம்பு கருகாமல், பிசிறு இல்லாமல் எடுக்க வேண்டும். எந்தக் கத்தியால் முடியும்?

சுடாமல் செதுக்கும் ஒளி

ஒளி ஃபோட்டான்கள் என்னும் ஆற்றல் பொட்டலங்களாக வருகிறது. 1240ஐ அலைநீளத்தால் (நானோமீட்டரில்) வகுத்தால், ஒரு ஃபோட்டானின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட் அலகில் கிடைக்கும்.

தகடு வெட்டும் ஃபைபர் லேசரின் அலைநீளம் ஏறத்தாழ 1070 நானோமீட்டர். 1240 ÷ 1070 = 1.16. கண்ணுக்குப் பயன்படும் எக்ஸைமர் லேசரின் அலைநீளம் 193 நானோமீட்டர். அது புற ஊதா ஒளி. 1240 ÷ 193 = 6.4.

இரண்டு கரிம அணுக்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிணைப்பை அறுக்க ஏறத்தாழ 3.6 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். பட்டறை லேசரின் ஃபோட்டான் ஒன்றால் அது முடியாது. அது கோடானுகோடியாக விழுந்து, அணுக்களை அதிரவைத்து, வெப்பமாக்கி, உருக்கித்தான் வெட்டுகிறது. எக்ஸைமர் ஃபோட்டானோ ஒன்றே பிணைப்பை அறுத்துவிடும். அதிலும் 193 நானோமீட்டர் ஒளி கார்னியாவில் ஒரு மைக்ரான் ஆழம்கூடப் போகாமல் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. ஒவ்வொரு துடிப்பும் நானோ நொடிக் கணக்கில் முடிந்துவிடுகிறது. அறுந்த மூலக்கூறுத் துண்டுகள் ஆற்றலையும் எடுத்துக்கொண்டு மேலே பறந்துவிடுகின்றன. பக்கத்துத் திசுவுக்கு வெப்பம் பரவ நேரமே இல்லை. ஒரு துடிப்பு எடுக்கும் ஆழம் ஏறத்தாழ கால் மைக்ரான்தான். அப்படியானால் எனக்கு எடுத்தது ஏறத்தாழ 240 அடுக்குகள்.

வான்கோழியில் தொடங்கிய கதை

இந்த உண்மையைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 1929இல் பிறந்த ரங்கசுவாமி சீனிவாசன் இங்கே வேதியியல் படித்துவிட்டு அமெரிக்கா சென்றார். 1961இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே எக்ஸைமர் லேசர் பிளாஸ்டிக்கை எப்படிச் செதுக்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். பிளாஸ்டிக் கரிமப் பொருள். உயிர்த்திசுவும் கரிமப் பொருள். அப்படியானால் திசுவையும் செதுக்குமோ?

1981 நவம்பரில் அமெரிக்கர்களின் நன்றி அறிவிப்பு விருந்து வந்தது. அன்று வீட்டில் மிஞ்சிய வான்கோழியின் துண்டுகளை மறுநாள், அதாவது நவம்பர் 27 அன்று, ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய் லேசரின் கீழ் வைத்தார். சுத்தமான பள்ளம் விழுந்தது, கருகலே இல்லை. அவரும் அவருடைய தோழர்கள் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகியோரும் பச்சை நிற லேசரைக் கொண்டும் செய்து ஒப்பிட்டார்கள். அது பட்ட இடம் கருகியது. 1983இல் ஸ்டீபன் டிரோக்கல் என்ற கண் மருத்துவர் இவர்களோடு சேர்ந்தார். கார்னியாவைச் செதுக்கலாம் என்ற எண்ணம் உருவாயிற்று. பல ஆண்டு ஆய்வுகளுக்குப் பின், 1995இல் அமெரிக்க அரசு இச்சிகிச்சைக்கு அனுமதி அளித்தது. 2013இல் மூவருக்கும் அந்நாட்டின் தொழில்நுட்பப் பதக்கத்தை அதிபர் ஒபாமா அணிவித்தார்.

மேசைமீது வந்த வாடை

இனி என் அனுபவத்துக்கு வருகிறேன். சிகிச்சை பெங்களூரில் நடந்தது. என் கார்னியாவின் தடிமன் 485 மைக்ரான். சராசரி 540 இருக்கும். லாசிக் முறையில் மேலே ஒரு மெல்லிய மடிப்பை வெட்டித் திறந்து, உள்ளே செதுக்கி, மீண்டும் மூடுவார்கள். என் கார்னியா மெல்லியது என்பதால் மருத்துவர் மடிப்பு வேண்டாம் என்றார். மேற்படையை மட்டும் நீக்கிவிட்டு நேரே செதுக்கினார். இதுவே பி.ஆர்.கே. என்ற பழைய முறை.

மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டதால் வலி இல்லை. 'டிக் டிக்' என்ற ஓசை. கூடவே முடி கருகுவது போன்ற வாடை! இயற்பியல் ஆசிரியனான எனக்கே நெஞ்சு படபடத்தது. பிறகுதான் புரிந்தது: அது எரியும் வாடை அன்று. அறுந்து காற்றில் பறந்த புரதத் துண்டுகளின் வாடை. முடியும் புரதம்தானே!

இரு கண்களும் சில நிமிடங்களில் முடிந்தன. வலி பிறகுதான் வந்தது. அத்திப்பள்ளி தாண்டி ஓசூர் வந்து சேரும்போதே கண்ணில் நீர் வழிந்தது. இரண்டாம் நாள் இரவு, கண்ணில் பிடி மணலை அள்ளிப் போட்டது போல இருந்தது. 'நன்றாக இருந்த கண்ணைக் கெடுத்துக்கொண்டோமே' என்று விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். வெறும் கண்ணால் வெல்டிங் ஒளியைப் பார்த்துவிட்ட தொழிலாளர்கள் அன்றிரவு படும் பாடும் இதுதான். வெல்டிங்கின் புற ஊதா ஒளி கார்னியாவின் மேற்படையைப் புண்ணாக்குகிறது; எனக்கு மருத்துவர் அதை நீக்கியிருந்தார். இரண்டிலும் நரம்பு முனைகள் வெளியே தெரிகின்றன.

ஆனால் மேற்படை மீண்டும் வளரும் இயல்புடையது. அதுவரை கண்ணைக் காக்க ஒரு மெல்லிய காண்டாக்ட் லென்ஸை வைத்திருந்தார்கள். ஐந்தாம் நாள் அதை எடுத்தபோது வலி போயிருந்தது. பார்வை மட்டும் ஆவி படிந்த கண்ணாடி வழியே பார்ப்பது போல இருந்தது. கடைசி வரிசை மாணவர்களின் முகம் தெளிய ஒரு மாதம் ஆயிற்று. மாதக்கணக்கில் சொட்டு மருந்தும், வெயிலில் கறுப்புக் கண்ணாடியும் தேவைப்பட்டன.

கிடைத்ததும் இழந்ததும்

இன்று தூரத்துப் பேருந்தின் பெயர்ப்பலகை கண்ணாடி இல்லாமலே தெரிகிறது. ஆனால் இரவில் சூளகிரி வழியே கிருஷ்ணகிரிக்குப் போகும்போது, எதிரே வரும் லாரி விளக்குகளைச் சுற்றி வட்டம் தெரிகிறது. இருட்டில் கண்மணி விரிந்து, செதுக்கிய வட்டத்தின் விளிம்பில் படும் ஒளியும் உள்ளே நுழைந்துவிடுவதே இதற்குக் காரணம்.

இன்னொன்றையும் இழந்தேன். முன்பெல்லாம் கண்ணாடியைக் கழற்றினால் 20 செ.மீ. தொலைவில் பொடி எழுத்தும் தெரியும். நாற்பதைத் தாண்டினால் உள்ளே இருக்கும் லென்ஸ் இறுகி, அருகில் பார்க்கும் ஆற்றல் குறைகிறது. இதைத்தான் நம் பெரியவர்கள் வெள்ளெழுத்து என்றார்கள். என் கிட்டப்பார்வை அதை மறைத்து வைத்திருந்தது. இப்போது உங்கள் விடைத்தாளைத் திருத்த எனக்கு வேறொரு கண்ணாடி வேண்டும்! லேசர் கார்னியாவைத்தான் திருத்தியது; உள்ளே இருக்கும் லென்ஸுக்கு இளமையைத் திருப்பித் தரவில்லை. மருத்துவர் இதை முன்பே சொன்னார். தூரப்பார்வை கிடைக்கும் ஆசையில் நான்தான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவசரம் வேண்டாம்

வகுப்பு முடிந்ததும் அந்த மாணவி தனியே வந்தாள். அவளும் தடித்த கண்ணாடி அணிபவள். "நானும் இப்பவே செஞ்சுக்கலாமா சார்? சோடாப்புட்டின்னு கூப்பிடறாங்க" என்றாள். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். 18 வயதுக்கு முன் வேண்டாம். அதன் பிறகும், ஓராண்டாவது கண்ணாடியின் திறன் மாறாமல் இருக்க வேண்டும். விழிக்கோளம் வளர்ந்துகொண்டிருக்கும்போது செதுக்குவது, வளரும் பிள்ளைக்கு இறுக்கமாகச் சட்டை தைப்பது போல. சட்டையைப் பிரித்துத் தைக்கலாம். செதுக்கி எடுத்த கார்னியாவைத் திரும்ப ஒட்ட முடியாது. கார்னியா மிக மெல்லியதாகவோ கூம்பியோ இருந்தால் வயது வந்த பிறகும் கூடாது. கண்ணாடி அணிவது வெட்கப்பட வேண்டிய செயலும் அன்று. அதுவும் ஒளிவிலகல் விதிதான். கழற்றி வைக்கக்கூடிய விதி.

இன்னொரு எச்சரிக்கை. தகடு வெட்டும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கார்னியாவையும் லென்ஸையும் கடந்து விழித்திரையில் குவிந்து அதைச் சுட்டுவிடும். பட்டறையில் மறைப்பைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள்.

உங்களுக்கு ஒரு கணக்கு: மைனஸ் 3 டயாப்டர் உள்ள ஒருவருக்கு 6 மி.மீ. வட்டத்தில் எத்தனை மைக்ரான் செதுக்க வேண்டும்? பச்சை லேசரின் அலைநீளம் 532 நானோமீட்டர். அதன் ஃபோட்டான் ஒன்றால் கரிமப் பிணைப்பை அறுக்க முடியுமா? போட்டுப் பாருங்கள். வான்கோழித் துண்டு ஏன் கருகியது என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.