தாத்தா எப்போது, எங்கே ஓய்வு பெறலாம்? – ஒரு கணக்கு வகுப்பு

எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடநூலில் வரும் ‘வாழ்வியல் கணிதம்’ என் விருப்பமான இயல். ஆனால் கூட்டு வட்டிக் கணக்குகளில் வரும் மனிதர்கள் வங்கியில் பணம் போடுகிறார்கள், மூன்று ஆண்டு கழித்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஏன் போட்டார்கள், எதற்கு எடுத்தார்கள் என்று எந்த மாணவரும் கேட்பதில்லை. அதனால் இரண்டு ஆண்டுகளாக இந்த இயலின் கடைசி நான்கு பாடவேளைகளை ஒரே கேள்வியை வைத்து நடத்திவருகிறேன். குறைந்த வருமானமுள்ள ஒருவர் எப்போது, எந்த ஊரில் ஓய்வு பெறுவது?

எங்கள் பள்ளி திருப்பூரை ஒட்டியது. மாணவர்களின் பெற்றோரில் பலர் தென் மாவட்டங்களிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்து லைன் வீடுகளில் குடியிருப்பவர்கள். தாத்தா பாட்டியும் உடன் இருக்கிறார்கள். “ஊருக்கே போயிரலாமா?” என்ற பேச்சு அந்த வீடுகளில் ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது.

மாணவர்களிடம் வீட்டு வருமானத்தைக் கேட்கக் கூடாது. இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். அதற்குப் பதிலாக ஒரு கற்பனைப் பெரியவரைக் கரும்பலகையில் உருவாக்கினோம். பனியன் கம்பெனியில் டைலர், சொந்த ஊர் உசிலம்பட்டி பக்கம், அங்கே ஓர் ஓட்டு வீடு. 58 வயதில் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் 1995இன் கீழ் மாதம் ரூ.3,000 வரும். பி.எஃப். பணம் ரூ.5 லட்சம் கையில் கிடைக்கும். மாணவர்கள் வீட்டில் கேட்டு வர வேண்டியது விலைகளை மட்டும்தான்: லைன் வீட்டு வாடகை, சிலிண்டர், பால், ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ.

முதல் நாள் ‘எப்போது’ என்ற கேள்வி. இந்தத் திட்டத்தில் 58 வயதுக்கு முன்பே, 50 வயதிலிருந்து, வேலையை விட்டவர் ஓய்வூதியம் வாங்கலாம். ஆனால் முன்கூட்டி வாங்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு குறையும். 57 வயதில் வாங்கினால் 2,880. இதை எல்லாரும் ஒரு நிமிடத்தில் போட்டுவிட்டார்கள். எது நல்லது என்றேன். “58 வரைக்கும் பொறுக்கணும் சார்” என்று வகுப்பே சொன்னது.

அடுத்த கணக்கைப் போடச் சொன்னேன். ஓர் ஆண்டு முன்னால் வாங்கினால் கையில் வருவது 2,880 × 12 = 34,560. பொறுத்தவருக்கு மாதம் 120 ரூபாய் கூடுதல். அந்த 34,560ஐ 120 ரூபாயாக ஈடுகட்ட 288 மாதங்கள், அதாவது 24 ஆண்டுகள். பெரியவருக்கு அப்போது 82 வயது. வகுப்பில் சிறிது நேரம் சத்தமே இல்லை. “அதுவரைக்கும் இருப்பாரா சார்?” என்று ஒரு மாணவன் கேட்டான். ஒரு மாணவி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “சம்பளத்தைக் கணக்குல சேர்க்கலையே சார்!”

அவள் சொன்னதுதான் சரி. 57 வயதில் ஓய்வூதியம் வேண்டுமென்றால் வேலையை விட வேண்டும். மாதம் 9,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொண்டால் அந்த ஓராண்டில் விட்டுப்போவது 1,08,000. ஒரு வரியைச் சேர்த்ததும் விடை தலைகீழாகிவிட்டது. அதற்குப் பிறகு பேச்சு விழுக்காட்டிலிருந்து நகர்ந்து, பெரியவரின் கண்ணும் முதுகும் இன்னும் ஓராண்டு மிஷினில் உட்காரத் தாங்குமா என்பதற்குப் போனது. கணக்கு அங்கே போய்ச் சேர வேண்டும் என்றுதான் நானும் விரும்பினேன். அவருக்குப் பின் மனைவிக்கு ஓய்வூதியத்தில் பாதிதான் வரும் என்பதையும் அன்றே சொல்லிவிட்டேன்.

இரண்டாம் நாள் கூட்டு வட்டியை விலைவாசிக்குத் திருப்பினோம். ஆண்டுக்கு 6 விழுக்காடு விலை ஏறுகிறது என்று வைத்துக்கொண்டு, இன்று 100 ரூபாய்க்கு வாங்கும் பொருளை ஆண்டாண்டாகப் பெருக்கினார்கள். 106, 112.36, 119.10 என்று போய்ப் பன்னிரண்டாம் ஆண்டில் 201 ரூபாயைத் தாண்டியது. 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் இரட்டிப்பாகும் ஆண்டு ஏறத்தாழக் கிடைக்கும் என்ற குறுக்குவழியை அதன் பிறகுதான் சொன்னேன். முதலிலேயே சொல்லியிருந்தால் யாரும் பெருக்கியிருக்க மாட்டார்கள். இந்த ஓய்வூதியத்தில் அகவிலைப்படி கிடையாது. பெரியவருக்கு 70 வயதாகும்போதும் அதே 3,000தான். ஆனால் இன்றைய 1,500 ரூபாய்க்கான பொருள்தான் வாங்கும். அகவிலைப்படி அறிவிப்பு வரும் நாளில் நம் ஆசிரியர் அறையில் நடக்கும் பேச்சை நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அந்த 5 லட்சம். அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 விழுக்காடு வட்டி என்று கொண்டால் ஆண்டுக்கு 41,000, காலாண்டுக்கு 10,250, மாதத்துக்குச் சராசரியாக 3,416. பேத்தி கல்யாணத்துக்கு 2 லட்சம் எடுத்துக் கொடுத்தால்? மீதி 3 லட்சத்துக்கு மாதம் 2,050தான். மாதா மாதம் 1,366 ரூபாய் குறைகிறது. கொடுக்கலாமா கூடாதா என்று நான் சொல்லவில்லை. கொடுத்தால் எவ்வளவு குறையும் என்பதை வீட்டில் ஒருவராவது போட்டுப் பார்த்துவிட்டுக் கொடுக்கட்டும். அந்த வாரம் ஒரு மாணவனின் தாத்தா பள்ளி வாசலில் நின்று, இதே கணக்கை 4 லட்சத்துக்குப் போட்டுத் தரச் சொன்னார். பேரனையே போடச் சொன்னேன், சரியாகப் போட்டான்.

நான்காம் நாள்தான் வகுப்பு சூடுபிடித்தது. ஓய்வூதியமும் வட்டியும் சேர்த்து 6,416. மாணவர்கள் கேட்டு வந்த லைன் வீட்டு வாடகை 4,500. தனியாக வீடெடுத்தால் மிச்சம் 1,916. ஊரில் வாடகை இல்லை. ரேஷன் அரிசி இரண்டு ஊரிலும் விலையில்லாமல் கிடைக்கும். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக வீட்டுக்கே வரும். ஆனால் நெஞ்சுவலி என்றால் மதுரைக்குப் போக வேண்டும். ஒரு குழு அதற்கென்று மாதம் 800 ரூபாய் ஒதுக்கிவிட்டு, அப்போதும் ஊர்தான் லாபம் என்று எழுதியது.

“அப்பத்தா போயிட்டா தம்பியை யாரு பாத்துக்குவா?” என்று எதிர்க்குழுவிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அவள் அம்மாவுக்கு ஷிப்ட் வேலை. அப்பத்தா இல்லையென்றால் அம்மா வேலையை விட வேண்டும். அந்தச் சம்பளத்தை யார் பக்கத்தில் எழுதுவது? அரை மணி நேரம் சண்டை. கடைசியில் ‘பாட்டியின் வேலை’ என்று ஒரு வரவுக் கட்டத்தைக் கரும்பலகையில் அவர்களே வரைந்தார்கள். பாடநூலில் அப்படி ஒரு கட்டம் இல்லை. பாட்டி செய்யும் வேலைக்கு விலை போடுவதா என்று எனக்குத் தயக்கம்தான். ஆனால் அதைப் போடாமல் விட்டால் அவர் வெறும் செலவாகத் தெரிகிறார். அதைவிட இது மேல்.

இரு குழுக்களும் ஒரே முடிவுக்கு வரவில்லை, வரவும் தேவையில்லை. ஒரு குழு பெரியவரை ஊருக்கு அனுப்பிவிட்டது. இன்னொன்று தம்பி பள்ளிக்கூடம் சேரும்வரை இங்கே, பிறகு ஊர் என்று எழுதியது. மதிப்பெண்ணை முடிவுக்குத் தரவில்லை; ஒவ்வோர் எண்ணும் எங்கிருந்து வந்தது என்று சொன்னதற்கே தந்தேன்.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒன்றிரண்டு செய்திகள். சிறுசேமிப்பு வட்டி விகிதத்தை ஒன்றிய அரசு காலாண்டுதோறும் அறிவிக்கிறது. பாடத்துக்கு முந்தைய நாள் அஞ்சலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வேறு தொழில் உள்ள ஊரில் பெரியவரை மாற்றிக்கொள்ளலாம்: நெசவாளர், மீனவர், ஓய்வூதியமே இல்லாத கட்டடத் தொழிலாளி. கடைசியாகச் சொன்னவரை வைத்துத்தான் இந்த ஆண்டு தொடங்கப் போகிறேன். அவருக்கு முதல் நாள் கணக்கு இந்த வடிவத்தில் பொருந்தாது. அதை எப்படி மாற்றுவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.