டெஸ்க்டொப் வெறுமையானால் பதற வேண்டாம்

காலையில் கடைக் கணினியைத் திறந்தால் டெஸ்க்டொப்பில் ஒன்றுமே இல்லை. தற்காலிக புரொபைலில் நுழைந்திருப்பதாக விண்டோஸ் அறிவிக்கிறது. உடனே ஃபோமட் செய்யக் கொடுத்துவிடாதீர்கள். திடீர் மின்தடை போன்றவற்றால் பழுதாவது உங்கள் பயனர் புரொபைல் மாத்திரமே. பற்றுவரவுக் கோப்புகள் பெரும்பாலும் சி டிரைவில், யூசர்ஸ் கோப்புறையில், உங்கள் பெயரின் கீழ் அப்படியே இருக்கும்.

அந்நிலையில் புதிய பில் எதையும் டெஸ்க்டொப்பில் சேமிக்க வேண்டாம், வெளியேறியதும் அழிந்துவிடும்! முதலில் கணினியை ஓரிரு தடவை மீள இயக்கிப் பாருங்கள். பல வேளைகளில் இதுவே போதும். சரிவராவிட்டால், பழைய கோப்புகளை பென் டிரைவில் பிரதி எடுத்தபின் புதிய பயனர் கணக்கொன்றைத் திறந்து அதில் இடுங்கள். ரெஜிஸ்ட்ரியைத் திருத்துவது தெரிந்தவரின் வேலை. பழைய கோப்புறையை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். அவுட்லுக் மின்னஞ்சல்கள் அதனுள் மறைவாக இருக்கக்கூடும்.