பக்கத்து அறையில் இருந்தவர்

வேலூர்
ஆடிக் கடைசி

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. வெள்ளெழுத்து வந்த நெசவாளர்களுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுக்கப் பணம் திரட்டும் வேலையில் சேர்ந்து இரண்டு மாதமாகிறது, ரசீதுப் புத்தகத்தில் கால்வாசிகூடத் தீரவில்லை, ஆரணியில் யாருக்கும் இரக்கம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். கடைசியாகச் சொன்னதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நீ அலைந்தது ஆனியும் ஆடியும். ஆடியில் கல்யாணம் கிடையாது. பட்டுக்கடையில் ஆள் நடமாட்டம் இருக்காது. சேலை தேங்கினால் தறிக்காரருக்குக் கூலியும் தள்ளிப்போகும். அந்த நேரத்தில் ஒருவர் "அப்புறம் பார்க்கலாம்மா" என்றால் அன்று அவர் கையில் காசில்லை, அவ்வளவுதான். ஆவணி முகூர்த்தம் தொடங்கியதும் அதே வாசலுக்குப் போ. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் போய்விடு. தெருவில் பாவு விரிக்க முடியாமல், தறிக்குழியில் தண்ணீர் ஊறி நிற்கும் வீட்டில் நன்கொடை கேட்க உனக்கே வாய் வராது.

நான் இங்கே தினமும் சி.எம்.சி. மருத்துவமனையைத் தாண்டித்தான் நடக்கப் போகிறேன். அதைக் கட்டிய ஐடா ஸ்கடர் நம் பக்கத்து ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்தவர். இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். வைத்தியம் தெரிந்த தன் அப்பாவை அனுப்புகிறேன் என்றார் ஐடா. ஆண் வைத்தியர் வேண்டாம் என்று திரும்பிவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அமெரிக்கா போய் மருத்துவம் படித்தார்.

1899இல் படிப்பு முடிந்து ஊர் திரும்பும் முன், வேலூரில் பெண்களுக்கு ஒரு மருத்துவமனை கட்ட 8,000 டாலர் திரட்டி வரும்படி சொன்னார்கள். கப்பலேறச் சில நாட்களே இருந்தன. நியூயார்க்கில் வீடு வீடாக ஏறி இறங்கினார், கிடைத்தது சொற்பம். கடைசியில் ஓர் அம்மாளிடம் போய் அந்தத் திண்டிவனத்து இரவைப் பற்றியெல்லாம் சொன்னார். பக்கத்து அறையில் இருந்த அந்த அம்மாளின் உறவினர், ஷெல் என்ற வங்கிக்காரர், அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மறுநாள் ஐடாவை வரவழைத்து, இறந்துபோன தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1902இல் நாற்பது படுக்கைகளோடு அந்த மருத்துவமனை திறந்தது.

பாப்பா, இதை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடாதே. அத்தனை வீடுகளில் கைவிரித்த பிறகும், அன்றைக்குத்தான் முதல்முறை சொல்வதுபோல் முழுசாகச் சொன்னாரே, அதைப் பார். சலித்துப்போய் இரண்டு வரியில் முடித்திருந்தால் பக்கத்து அறைக்கு என்ன கேட்டிருக்கும்? நீ எப்படிச் சொல்கிறாய் என்று யோசித்துப் பார். "எங்கள் அறக்கட்டளைக்கு நன்கொடை" என்று தொடங்கினால் யார் மனதில் என்ன நிற்கும்? நாற்பத்தைந்து வயதுக்காரர் அறுந்த இழையைப் பிணைக்க முடியாமல் மகளைக் கூப்பிடுகிறாரே, அங்கிருந்து தொடங்கு.

1918இல் ஐடா பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கியபோது, மூன்று பேர் விண்ணப்பித்தாலே பெரிது என்றார் ஓர் அதிகாரி. வந்த விண்ணப்பங்களோ அதைப்போலப் பல மடங்கு. பின்னால் அரசு விதி மாறி, அதைப் பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்த்தினால்தான் பிழைக்கும் என்ற நிலை வந்தது. 1941இல், எழுபது வயதில், உலகப் போருக்கு நடுவே மறுபடி அமெரிக்கா போய்ப் பணம் கேட்டு ஊர் ஊராகச் சுற்றினார். இருபத்தொன்பது வயதில் தட்டிய கதவுகளை எழுபதிலும் தட்டப் போனாரே என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

பள்ளிக்கூடக் கூரைக்காக நான் பணம் கேட்டுத் திரிந்த காலத்தில், ஒரு கடையில் வாடிக்கையாளர் முன்னால் வைத்து விரட்டிவிட்டார்கள். பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. பிறகு ஒரு பழக்கம் பிடித்தேன்: யார், எதனால் மறுத்தார் என்று இரவில் ஒரு நோட்டில் எழுதிவைப்பேன். ஒரு மாதம் கழித்துப் புரட்டினால் பாதிக்குமேல் "இப்போது முடியாது"தான். "ஒருபோதும் தரமாட்டேன்" என்றவர்கள் நான்கே பேர்.

மனசு சோர்ந்த நாளில் வசூலுக்குப் போகாதே. ஏற்கெனவே கண்ணாடி வாங்கியவர் வீட்டுக்குப் போய்த் தறி ஓரமாக உட்கார். பணம் கேட்கிறவளுக்கு மறுப்பு மட்டும்தான் தினமும் கண்ணில் படுகிறது. அந்தப் பணம் செய்யும் வேலையை யாரோ வேறு ஆள் பார்க்கிறார். உன் சோர்வுக்குப் பெரிய காரணம் அது என்று நினைக்கிறேன். ஐம்பது ரூபாய் கொடுத்தவரிடமும் போய், இன்னாருக்குக் கண்ணாடி வந்தது என்று சொல்லிவிட்டு வா. அன்று ஒன்றும் கேட்காதே.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். ரசீதுப் புத்தகத்தோடு ஒரு புது நோட்டும் எடுத்துவை. நீ எழுதியிருந்தாயே, கண்ணாடி போட்ட அன்றே சரிகை இழையை எண்ணிக் காட்டிய அந்தத் தாத்தா, முதலில் அவர் வீட்டுக்குப் போவோம்.

அன்புடன்,
உன் பெரியப்பா