பொத்தான் அனுப்பும் சங்கேதம்

கூலாய், ஜொகூர்

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்கூடாயிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. தமிழ்மொழிக் கழகக் கூட்டத்தில் பேசுவதற்காக டெலிமா என்னும் பள்ளிக் கணக்கில் கூகுள் ஸ்லைட்ஸ் கொண்டு நீ தயாரித்திருக்கும் படத்தொகுப்பு, கம்பியில்லாக் கைக்கருவியின் தொடக்கப் பொத்தானை அழுத்தியதும் திரை நிறைய விரிவதற்குப் பதிலாக, பக்கம் வெளுத்துப்போய் மறுபடியும் முதலிலிருந்து ஏறத் தொடங்குகிறது என்றும், கருவிதான் கெட்டுவிட்டதோ என்று சந்தேகப்படுவதாகவும் எழுதியிருக்கிறாய். கருவி கெடவில்லை. தனக்கு இட்ட காரியத்தை அது வெகு ஒழுங்காகவே செய்கிறது.

மேசைக் கணினியின் பின்புறத்தில் நீ செருகியிருக்கும் அந்தச் சிறிய ஏற்பிக்குக் கணினி கொடுத்திருக்கும் ஸ்தானம் என்ன தெரியுமா? விசைப்பலகை என்ற ஸ்தானந்தான். உன் கையில் உள்ள கருவியில் ஐந்தாறு பொத்தான்களே இருந்தாலும், கணினியின் கணக்கில் அது இரண்டாவது விசைப்பலகை. சுட்டெலியாகவும் பயன்படும் வகையானால் கூடவே ஓர் எலி. யூஎஸ்பி விதிகளில் ஒவ்வொரு விசைக்கும் ஓர் எண் உண்டு. அடுத்த பக்கத்துக்கு 78, முந்திய பக்கத்துக்கு 75, எஃப்5 என்ற விசைக்கு 62, முற்றுப்புள்ளிக்கு 55, எஸ்கேப்புக்கு 41. நம் பள்ளிகளில் பரவலாகக் காணப்படும் லாஜிடெக் ஆர்400 போன்ற கருவிகள் இந்த ஐந்து எண்களை மாத்திரமே மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருக்கின்றன. பவர்பாயின்ட்டில் எஃப்5 என்றால் காட்சி தொடங்கும். அதை எண்ணியே கருவியை ஆக்கினார்கள். கூகுள் ஸ்லைட்ஸோ உலாவிக்குள் குடியிருப்பது. உலாவியின் சம்பிரதாயத்தில் எஃப்5 என்பதற்குப் பக்கத்தைப் புதுப்பிப்பது என்று பொருள். அங்கே காட்சியைத் தொடங்கக் கன்ட்ரோலும் எஃப்5உம் சேர்த்து அழுத்த வேண்டும். உன் சங்கடம் இவ்வளவுதான்.

விசை ஒன்று, பொருள் வேறு என்னும் இந்த விஷயம் மலேசியத் தமிழ்ப் பிள்ளையான உனக்குப் புதியதன்று. நம் நாட்டவரான முத்து நெடுமாறன் எண்பதுகளில் ஆக்கத் தொடங்கிய முரசு அஞ்சலில் நீ தட்டெழுதும்போது, ஆங்கிலத்தில் ‘கே’ என்று பொறித்த விசை, அஞ்சல் முறையில் ‘க்’ ஆகிறது. 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 முறைக்கு மாறினால் அதே விசை ‘ம’ ஆகிவிடுகிறது. விசைப்பலகையில் ஒரு திருகாணியும் அசையவில்லை. எண்ணைப் பெற்றுக்கொண்டு அதற்குப் பொருள் சொல்லும் மென்பொருள் மாத்திரம் மாறியிருக்கிறது. நீ கைக்கருவிக்குச் செய்ய விரும்புவதும் இதே காரியந்தான்.

ஆனால் மாற்றுவதற்கு முன், எந்தப் பொத்தான் எதை அனுப்புகிறது என்று பரீட்சித்துப் பார். இதற்கு விசேஷக் கருவி எதுவும் வேண்டாம். விண்டோஸோடு வரும் நோட்பேட் போதும். நீண்ட கட்டுரை ஒன்றை அதில் ஒட்டி வைத்துக்கொண்டு பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்து. முன்செல்லும் பொத்தானுக்குப் பக்கம் கீழே இறங்கும். பின்செல்லும் பொத்தானுக்கு மேலே ஏறும். திரையைக் கறுப்பாக்கும் பொத்தானை அழுத்தினால், எழுத்துகளின் நடுவில் ஒரு புள்ளி வந்து விழும். தொடக்கப் பொத்தானுக்கு என்ன ஆகும் என்பதுதான் வேடிக்கை: அன்றைய நேரமும் தேதியும் தாமாகவே எழுதப்படும், ஏனென்றால் நோட்பேடில் எஃப்5க்கு அதுவே பொருள். அதே பொத்தானை மறுபடி அழுத்தினால் ஒன்றும் நிகழாது. இரண்டாம் முறை அது எஸ்கேப்பை அனுப்புகிறது. சில கருவிகள் புள்ளிக்குப் பதிலாக ‘பி’ (B) என்ற எழுத்தை அனுப்பும். தமிழ்99 இயங்கிக்கொண்டிருந்தால் அப்போது ‘ங’ என்று விழக் காண்பாய். ஆகையால் மேடை ஏறுமுன் தட்டச்சை ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுவது உத்தமம்.

இனி மாற்றும் உபாயம். கருவியைச் செய்தவர்களே அதற்கென்று மென்பொருள் கொடுத்திருந்தால் அதைக் கொண்டே மாற்றிக்கொள். வேறெங்கும் தேட வேண்டாம். இல்லாவிட்டால், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் தொகுப்பில் விசைகளை மாற்றும் பகுதி ஒன்று இருக்கிறது, பழகுவதற்குச் சுலபமானது. அதைப் பற்றி எனக்கு ஒரு தயக்கம் உண்டு. விசை கைக்கருவியிலிருந்து வந்ததா, மேசைமீது இருக்கும் விசைப்பலகையிலிருந்து வந்ததா என்ற பேதம் அதற்குத் தெரியாது. கறுப்புத் திரைப் பொத்தான் உனக்கு வேண்டாம், அதைக் கொண்டு படத்தொகுப்பில் உள்ள காணொளியை நிறுத்தவும் ஓட்டவும் வேண்டும் என்று நீ கேட்டிருக்கிறாயே, அதற்காகப் புள்ளியை, அங்கே காணொளியை ஓட்டி நிறுத்தும் விசையான ‘கே’ ஆக்கினாய் என்று வைத்துக்கொள். அன்று மாலை அதே கணினியில் யார் உட்கார்ந்து எதை எழுதினாலும், முற்றுப்புள்ளி விழவேண்டிய இடத்திலெல்லாம் ‘கே’ வந்து விழும். ஆசிரியர் எழுதும் அறிக்கைக்கும் அதே கதிதான். எவரும் தட்டெழுதாத விசையை மாற்றலாம். எல்லோரும் தட்டெழுதும் விசையைத் தொடாதே என்பது என் திடமான அபிப்பிராயம். காணொளியைச் சுட்டெலியால் சொடுக்கி ஓட்டிக்கொள்.

எஃப்5ஐ மாற்றுவதில் அத்தனை அபாயம் இல்லை; எனினும் எல்லா நிரல்களுக்கும் பொதுவாக மாற்றினால், பின்னொரு நாள் பவர்பாயின்ட்டைத் திறக்கும்போது அங்கே வேண்டிய எஃப்5 இல்லாமல் போகும். இதற்கு ஏற்றது 2003 முதல் வழங்கிவரும் ஆட்டோஹாட்கீ என்ற இலவச மென்பொருள். அதில் நீ எழுத வேண்டியவை இரண்டே வரிகள்: இன்ன தலைப்புள்ள சாளரம் முன்னால் இருக்கும்போது மாத்திரம் என்று ஒரு நிபந்தனை, அப்போது எஃப்5 வந்தால் கன்ட்ரோலோடு சேர்த்து அனுப்பு என்று ஒரு கட்டளை. சாளரத்தின் தலைப்பில் கூகுள் ஸ்லைட்ஸ் என்ற பெயர் எவ்வாறு காணப்படுகிறதோ அவ்வாறே நிபந்தனையில் எழுது. இடைமுகத்தை மலாயில் வைத்திருந்தால் திரையில் உள்ள மலாய்த் தலைப்பையே எழுத வேண்டும். எஸ்கேப்பைத் தொட வேண்டாம். காட்சியை முடிக்க அது அப்படியே உதவும்.

உன் வீட்டுக் கணினியில் லினக்ஸ் இருந்தால் இந்தக் கவலைகளில் பாதி ஒழிந்தது. அங்கே ஹார்ட்வேர் தரவுக் கோப்பு ஒன்றில், கருவியைச் செய்தவரின் எண்ணையும் கருவியின் எண்ணையும் குறித்து, இந்தக் கருவி மாத்திரம் அனுப்பும் எண்ணுக்கு இன்ன பொருள் என்று பிரத்தியேகமாக எழுதிவைக்கலாம். பக்கத்தில் இருக்கும் விசைப்பலகை தன் பழைய சுபாவத்திலேயே இருக்கும். முற்றுப்புள்ளியையும் அங்கே துணிந்து மாற்றலாம். சுட்டெலியின் இடது வலது பொத்தான்களை மாற்றிக்கொள்வதோ எந்தக் கணினியின் அமைப்புகளிலும் உள்ள சாதாரண வசதி. இடக்கைக்காரர்கள் வெகுகாலமாகச் செய்துவருகிறார்கள். இந்த எலியே மேடையில்தான் உலகுக்கு அறிமுகமாயிற்று என்பது உனக்குச் சுவையாக இருக்கலாம்: 1968 டிசம்பர் 9ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட், வலக்கையில் மூன்று பொத்தான் எலியும் இடக்கையில் ஐந்து விசைப் பலகையுமாக அமர்ந்து, பெரிய திரையில் தம் கண்டுபிடிப்புகளைக் காட்டினார்.

பள்ளிக் கணினியில் புதிய மென்பொருள் ஏற்ற அனுமதி கிடைக்காமல் போகலாம். அதைப் பற்றி விசாரப்படாதே. தொடக்கப் பொத்தானுக்கு ஒரு பேச்சில் ஒரே தடவைதான் வேலை. பேச எழுமுன் விசைப்பலகையில் கன்ட்ரோலையும் எஃப்5ஐயும் நீயே அழுத்திவிட்டு மேடைக்கு நடந்தால் போதும். பிறகு உனக்கு வேண்டியவை 78உம் 75உந்தான்; அவை கூகுள் ஸ்லைட்ஸிலும் சரியாகவே வேலை செய்யும். நோட்பேடில் பரீட்சித்துப் பார்த்துவிட்டு, எந்தப் பொத்தானுக்கு என்ன விழுந்தது என்று எனக்கு எழுது. ஆட்டோஹாட்கீ வரிகளை அதற்கேற்ப எழுதி அனுப்புகிறேன்.

அன்புள்ள,
அண்ணன்